ஒலக்கூரில் எடுத்த ஆறு நிமிடப் படம்

திண்டிவனத்தில் இறங்க வேண்டியவன் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது வண்டி விழுப்புரத்தில் நின்றுகொண்டிருந்தது. இஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் என் சீட்டைப் பார்த்தார், என் பெட்டியைப் பார்த்தார். பினாங்கிலிருந்து வருகிறேன் என்றேன். அத்தனை கடலைத் தாண்டி வந்தவருக்கு இந்த இருபது மைல்தான் தப்பிப்போயிற்றா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, என்னை வெளியே விட்டார்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. போக வேண்டிய இடம் ஒரு ராத்திரி தள்ளிப்போயிற்று என்ற நிம்மதிதான் இருந்தது. பதினாலு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தவனுக்கு இன்னும் ஒரு ராத்திரி பெரிதில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்திய மாசி மாதம் அது. நான் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். பிறகு பினாங்கில் ஒரு சீனரின் ஸ்டூடியோவில் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டு அங்கேயே வேலையில் இருந்தேன். இந்தியாவை அதற்கு முன் பார்த்ததில்லை. வந்தது ஊர் பார்க்கவும் இல்லை. எங்கள் தோட்டத்தில் கன்னியப்பன் என்று ஒருவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். ஒலக்கூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சயாமில் ஜப்பான்காரன் ரயில்பாதை போட்டபோது எங்கள் இருவரையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் திரும்பி வந்தேன். அவர் வரவில்லை. அதை அவர் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தேன். கன்னியப்பன் விஷயமாக நேரில் வருகிறேன் என்று மட்டும் கடிதம் எழுதியிருந்தேன். அதற்குமேல் எழுதப் பேனா ஓடவில்லை.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் இடம் கிடைத்தது. மூட்டைப்பூச்சி தூங்கவிடவில்லை. காமிராவையும் அதை நிறுத்தும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குத் திரும்பினேன். ராத்திரியில் ஷட்டரைத் திறந்துவைத்து நிமிடக்கணக்கில் படம் எடுப்பது எனக்குப் பினாங்கிலேயே பிடித்த பைத்தியம். துறைமுகத்தில் அப்படி எடுப்பேன். அசையாமல் இருப்பது தெளிவாக விழும். நடந்துகொண்டே இருப்பவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்கள் புகைபோல விழுவார்கள். அவர்கள் நெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் சுவர்கூடத் தெரியும்.

நான் ஷட்டரைத் திறந்துவைத்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். எத்தனை நிமிஷம் என்று மட்டும் கேட்டார். தொழில் தெரிந்த ஆள் என்று புரிந்துகொண்டேன். பெயர் நடேசன், பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். விடிந்ததும் தம் இருட்டறைக்கே கூட்டிக்கொண்டு போய் அந்தப் படச்சுருளைக் கழுவிக் கொடுத்தார்.

தண்டவாளமும் தூணும் கூர்மையாக விழுந்திருந்தன. தூங்கிய நாய் விழுந்திருந்தது. போர்ட்டர்கள் மூன்று பேர் வெறும் புகையாக இருந்தார்கள். நடேசன் அதை ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு மாசத்துல நாலு பொணப் படம் வருதுங்க" என்றார். "நாற்காலியில உக்கார வெச்சி எடுக்கச் சொல்லுவாங்க. உசுரோட இருக்கறவங்கதான் ஆடுவாங்க. பொணம் ஆடாது. அதான் சுத்தமா விழும்."

அதைத் தொழில் விஷயமாகத்தான் சொன்னார்.

காலைச் சாப்பாடு ஒரு காபி கிளப்பில். எங்கள் ஊர்க் கோப்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே டின்னில் வரும் கட்டிப்பால் ஊற்றிக் கறுப்பாகக் கலக்குவார்கள். இங்கே நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தார்கள். சட்னி காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த மேஜையில் ஒரு புதுச்சேரிக் கனவான் தம் மகனிடம் பிரெஞ்சில் கடுமையாக ஏதோ சொன்னார். பரிமாறுகிறவர் என் காதருகே குனிந்து மொழிபெயர்த்தார்: கிளாஸை நன்றாகப் பார்த்துவிட்டுக் குடி என்கிறாராம், வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறாராம், வரும்போதெல்லாம் இதையேதான் சொல்கிறாராம்.

பெட்டியை லாட்ஜிலேயே போட்டுவிட்டு, காமிராவோடு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டியதும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் தகரத்தை எடுத்துக்கொண்டு ஏரியைத் தேடிப் போனார். ஏரி வற்றிக் கிடந்ததால் அதற்கப்பால் கிணற்றுக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பச்சையையும் ஈரத்தையும் தவிர வேறு பார்க்காமல் வளர்ந்தவன் நான். இங்கே மண்ணும் பாறையும் வெயிலில் ஒரே நிறமாகக் கிடந்தன. இந்த வெயிலிலிருந்து போனவரா சயாம் மழையில் அப்படி நனைந்தார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் மடியிலிருந்து வறுத்த மல்லாட்டை எடுத்துக் கொடுத்தார்; வேர்க்கடலைக்கு இங்கே அந்தப் பெயர். இந்த பஸ்ஸோடு எப்போதும் பேஜாரு என்றார்.

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூருக்கு வேறு பஸ். அங்கிருந்து மாட்டு வண்டி. கன்னியப்பன் வீட்டு வாசலில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வந்தவரைப் பார்த்ததும் கன்னியப்பண்ணனே வருகிறார் என்று நினைத்தேன். அதே நெற்றி, அதே மூக்கு. அவர் தம்பி ஏழுமலை. அண்ணன் கப்பல் ஏறும்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. என் சமவயதுக்காரர்.

"அண்ணன் எப்பிடி இருக்காரு?" என்றார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு, கோழி பிடிக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. மெதுவாக எழுந்து போனாள். அடுப்படியிலிருந்து இன்னொரு பெண் எட்டிப் பார்த்தாள். முப்பத்திநாலு முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். அவள்தான் கன்னியப்பனின் மனைவி அஞ்சலை. கல்யாணமாகி எட்டாவது மாதம் அவர் கப்பல் ஏறினார். மூன்று வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். ஜப்பான் சண்டை தொடங்கும்வரை கடிதம் வந்ததாம். பிறகு எதுவும் இல்லை.

ஏழுமலை பேசிக்கொண்டே இருந்தார். நிலத்தில் அண்ணன் பங்கைத் தனியாகக் காட்டினார். ஒவ்வொரு மாசி மகத்துக்கும் மரக்காணம் போய்க் கடலில் முழுகி வருவாராம். அண்ணன் இருக்கும் கரையையும் அதே கடல்தானே தொடுகிறது என்றார். அண்ணியை இந்த வீட்டைவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க விட்டதில்லையாம். விழுப்புரத்தில் அவள் தங்கை இருக்கிறாள். தன் பிரசவத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளும்படி அந்தத் தங்கை கேட்டபோதுகூட அனுப்பவில்லை.

"அவரு திடீர்னு வந்து எங்கடா உங்க அண்ணின்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?" என்றார்.

இலையில் கேப்பைக் களி, கோழிக் குழம்பு, எனக்காகத் தனியாக வடித்த நெல்லுச்சோறு. கோழியைத் தொடவில்லை. அஞ்சலை அதைப் பார்த்தாள்.

கை கழுவியதும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏழுமலை என் தோல்பையைத் திறக்கச் சொன்னார். காமிராவைப் பார்த்ததும் அவருக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. அந்த வீட்டில் யாருக்கும் படமே கிடையாது. அண்ணனுக்கும் இல்லை. அவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். எங்களைப் படம் பிடித்து அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். பகலில் களத்தில் போரடிப்பு, நேரமில்லை. ராத்திரியில் எடுக்க முடியுமா?

நிலா பால்போலக் காய்ந்துகொண்டிருந்தது. முடியும் என்றேன். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் இருக்க இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தது.

சுவரோரம் ஒரு பெஞ்சு போட்டு, லாந்தரைப் பக்கவாட்டில் வைத்தேன். கர்ப்பிணி படத்துக்கு உட்காரக் கூடாது என்று ஏழுமலையின் மனைவி மறுத்துவிட்டாள். அஞ்சலை ஒரு முனையில் உட்கார்ந்தாள். ஏழுமலை நன்றாகத் தள்ளி மறுமுனையில் உட்கார்ந்தார். ஆறு நிமிடம் அசையக் கூடாது, அசைந்தால் படத்தில் விழமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டு ஷட்டரைத் திறந்தேன். பாதிகூட ஆகவில்லை; களத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டதாகக் கூச்சல் கேட்டது. ஏழுமலை எழுந்து ஓடிவிட்டார். அஞ்சலை கண்ணிமைகூட அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் மூடவில்லை. ஆறு நிமிடமும் ஓடவிட்டேன்.

மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு அவர் வருவதற்குள் நான் படுத்துக்கொண்டேன். தூங்கியதுபோலப் பாசாங்கு செய்தேன். விடியற்காலையில், படத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன், வந்து எல்லாம் விவரமாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு விழுப்புரத்துக்கு ஓடினேன்.

நடேசனின் இருட்டறையில் படம் எழும்பி வந்தது. அஞ்சலை கல்லில் செதுக்கியதுபோல இருந்தாள். பெஞ்சின் மறுமுனையில் ஓர் ஆண் உருவம். முகம் கலங்கியிருந்தது. நெஞ்சுக்குள் மண்சுவரின் வெடிப்புகள் தெரிந்தன.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எழுந்து போன தம்பியின் இடத்தில் அண்ணன் ஆவியாக வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்; என் வாயால் சொல்ல வேண்டாம், இது சொல்லிவிடும். நடேசனிடம் கன்னியப்பண்ணன் செத்துப்போனதையும் என் யோசனையையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார்.

"வேணாங்க" என்றார். "வாயால சொன்னா அழுதுட்டு ஒரு நாள் மறப்பாங்க. படமா குடுத்துட்டீங்கன்னா கடைசி வரிக்கும் அதத்தான் பாத்துக்கினு இருப்பாங்க."

நான் கேட்கவில்லை. பிரதியைக் காயவைத்து எடுத்துக்கொண்டு மறுநாள் திரும்பினேன்.

ஏழுமலை படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். முதலில் அண்ணியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விரல் மறுமுனைக்குப் போயிற்று, அங்கேயே நின்றது.

"நான் எழுந்து பூட்டேனே" என்றார் மெதுவாக. "அசைஞ்சா விழமாட்டேன்னு சொன்னீங்களே. எடம் காலியா தான இருந்துச்சி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, அதை அவர் படித்துக்கொண்டார். படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, படத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பங்காளிகளுக்குச் சொல்லவேண்டும் என்று தெருவில் இறங்கி நடந்தார். அவர் மனைவி அழுதுகொண்டே பின்னால் போனாள்.

வீட்டில் நானும் அஞ்சலையும் இருந்தோம். ஏழுமலை திண்ணமாக நம்பிவிட்டார் என்பதில் எனக்கு வந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அஞ்சலை பெஞ்சில் கிடந்த படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"அது கொழுந்தனாரு" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூட்ட தூக்கித் தூக்கி அவருக்கு வலது தோளு எறங்கி இருக்கும். எங்க ஊட்டுக்காரருக்கு அப்பிடி இல்ல. நீங்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும் தம்பி. நல்ல சேதின்னா வாசல்லயே சொல்லி இருப்பீங்க." படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "கண்ணால பாத்தீங்களா?"

அதைக் கேட்பார்கள் என்று பதினாலு வருஷமாக எனக்குத் தெரியும். கடல் நெடுக ஒத்திகை பார்த்த பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். முகாமில் காலரா வந்தது. பிடித்தவர்களை ஆற்றோரம் ஒரு கொட்டகையில் கொண்டுபோய்ப் போட உத்தரவு. கன்னியப்பண்ணனை நானும் இன்னொருவனும்தான் கோணிச் சாக்கில் தூக்கிக்கொண்டு போனோம். அவருக்கு நினைவு இருந்தது. என் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டார். என் இடுப்பில் குவளை இருந்தது. அவர் வாய் பட்டால் எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. மறுநாள் விடியுமுன் எங்களை அடுத்த முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் வந்தவர்கள், கொட்டகையை எண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள் என்று சொன்னார்கள். உள்ளே யாருக்கு உயிர் இருந்தது, யாருக்கு இல்லை என்று யாரும் பார்க்கவில்லை.

அவள் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அப்ப நீங்க உட்டுட்டு வரும்போது உசுரோடதான் இருந்தாரு."

"இருந்தார் அண்ணி."

"இத கொழுந்தனாரு கிட்ட சொல்லாதீங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கண்ணால பாக்கலன்னு தெரிஞ்சா நாளிக்கே அவரு மறுபடியும் காத்துக்கினு உக்காந்துடுவாரு. என்னியும் உக்கார வெச்சிடுவாரு. இருவது வருசம் ஆச்சி. என்னால முடியாது தம்பி."

படத்தைப் பற்றியாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேனே என்றேன். வேண்டாம் என்றாள். நான் சொல்லிவிட்டு லேசாக வேண்டும் என்று அவ்வளவு தூரம் வந்தேன். அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் லேசாகவில்லை, இப்போது அது இரண்டு பேரிடம் இருந்தது.

மற்றவை முறைப்படி நடந்தன. மூன்றாம் நாள் ஏரிக்கரையில் வைக்கோலால் ஓர் உருவம் செய்து துணி சுற்றிப் படுக்கவைத்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு அதுதான் வழக்கமாம். ஏழுமலை கொள்ளி வைத்தார். வைக்கோல் ஒரு நொடியில் பற்றிக்கொண்டு எரிந்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பெண்கள் அஞ்சலையைச் சுற்றி உட்கார்ந்து வளையலை உடைத்தார்கள். அவள் அழுதாள். பொய்யாக அழவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் ஏழுமலை அந்தப் படத்தைச் சாமி மாடத்தில் சாய்த்துவைத்து, கதம்பம் போட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டார். தன் உருவத்துக்கே மாலை போட்டுத் தானே விழுந்து கும்பிட்டார். உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாரும் மாலை போடமாட்டார்கள். அந்தப் பிரதி சரியாகக் கழுவவில்லை, மங்கிவிடும், கொடுங்கள், வேறு நல்லதாகப் போட்டு அனுப்புகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். கொடுக்கமாட்டேன் என்றார். அண்ணன் முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். நான் அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளைத் தங்கை வீட்டுக்கு அனுப்ப ஏழுமலை சம்மதித்தார். இனிமேல் இங்கே யாருக்காக இருக்கவேண்டும் என்று அவரே கேட்டார். அண்ணன் பங்கு விளைச்சல் வருஷா வருஷம் விழுப்புரத்துக்கு வரும் என்று பங்காளிகள் முன்னால் சொன்னார். நான் அதுவரை அங்கேயே தங்கியிருந்தேன். கப்பலுக்கு நாள் இருந்தது. அதோடு, எழுந்து போகிற துணிவும் எனக்கு இல்லை.

திண்டிவனம் பஸ் நிலையம்வரை ஏழுமலை எங்களோடு வந்தார். சந்தை நாள். பஸ்ஸின் மேலே மல்லாட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை வெள்ளைப் புடவையில், மடியில் துணிமூட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். ஏழுமலை எனக்கு ஒரு பை நிறையக் கேப்பை மாவும் வெல்லமும் கொடுத்தார். ஏறப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினாறு நாளும் கேட்காததை அப்போது கேட்டார்.

"கடைசியில எதனா கேட்டாராங்க?"

"தண்ணி கேட்டார்" என்றேன். அதற்குமேல் எதையும் யோசிக்க முடியவில்லை.

"குடுத்தீங்களா?"

ஜன்னலில் அஞ்சலை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் இஞ்சினை இன்னும் கிளப்பவில்லை. அவளுக்கு எல்லாமே கேட்கும்.

"குடுத்தேன்" என்றேன்.

ஏழுமலை என் இரண்டு கைகளையும் எடுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். இந்தக் கையாலதானே குடுத்தீங்க என்றார்.

நான் பஸ்ஸில் ஏறினேன். அஞ்சலைக்கு முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். மயிலம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுப்புரத்தில் அவள் தங்கை ஓடி வந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள். அஞ்சலை என்னைக் கடந்து இறங்கினாள். போய்வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நானும் நிற்கவில்லை.